ஒரே தாளில் ஐந்து கைகள்

(ஆசிரியர் தினத்தையொட்டி நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆசிரியர் தினம் என்றால் வழக்கமாக நமக்குப் பாடம் எடுத்த வாத்தியார்களைப் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு நான் இனிமேல் வரப்போகிற ஒரு ஆசிரியரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் என் மருமகள். பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தைக்கு மூன்று வயதான பிறகு கல்லூரியில் சேர்ந்தவர். "வீட்டு விஷயத்தை மேடையில் பேசலாமா?" என்று கேட்டேன். "பேசுங்க மாமா, என் பேர் மட்டும் வேண்டாம்" என்றார். அந்த அனுமதியோடுதான் இங்கே நிற்கிறேன்.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். கல்வியியல் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரே கணக்கில் பல பேர் கை வைக்கும்போது என்னென்ன நடக்கும் என்பது தெரியும். என் மருமகள் கடந்த ஒரு வருடமாக இணையத்தில் சேர்ந்து வேலை செய்யும் கருவிகளைக் கற்றுக்கொள்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதில் புதுசாகத் தோன்றிய பல விஷயங்கள் எனக்குப் பழைய லெட்ஜர் புத்தகத்தைத்தான் ஞாபகப்படுத்தின.

முதலில் அவர்களுடைய படிப்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முன்பு பி.எட். ஒரு வருடம். தேசிய ஆசிரியர் கல்விக் கழகத்தின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு இரண்டு வருடமாகியது. அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போய் நேரடிப் பயிற்சி. தகவல் தொழில்நுட்பத்தை விமரிசனக் கண்ணோடு புரிந்துகொள்வது என்று தனியாக ஒரு பாடப் பகுதியும் உண்டு. கம்ப்யூட்டரை இயக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அது வகுப்பறைக்கு என்ன செய்யும் என்று யோசிக்கவும் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம்.

கல்லூரியில் ஒரு குழு வேலை கொடுத்தார்கள். ஐந்து பேர் சேர்ந்து எட்டாம் வகுப்புக்கு "அமிலம், காரம்" பற்றிப் பாடக்குறிப்பு, செய்முறை, மதிப்பீட்டுக் கேள்விகள் எல்லாம் தயாரிக்க வேண்டும். அது விடுமுறைக் காலம். ஒருவர் விழுப்புரம் பக்கம், ஒருவர் அரக்கோணம் பக்கம், ஒருவர் விடுதியில், ஒருவர் மாலையில் டியூஷன் எடுப்பவர். ஐந்தாவது ஆள் என் மருமகள். பகலில் பையன் தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் அவருக்குக் கையில் இருந்தது. ஐந்து பேரும் ஒரு இடத்தில் உட்கார வாய்ப்பே இல்லை.

முதல் வாரம் நம் எல்லாருக்கும் தெரிந்த முறையில் ஆரம்பித்தார்கள். ஒருவர் வேர்ட் ஃபைல் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அடுத்தவர் திருத்தி அனுப்புவார். அதே நேரத்தில் மூன்றாமவர் பழைய ஃபைலைத் திருத்திக்கொண்டிருப்பார். ஐந்தே நாளில் "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் புதுசு", "இதுதான் ஃபைனல்" என்று நாலு ஃபைல் ஆகிவிட்டது. நம்முடைய சங்க ஆண்டறிக்கையும் போன வருடம் இப்படித்தான் தயாரானது என்பது செயலாளருக்குத் தெரியும். அவர் சிரிப்பதிலிருந்தே தெரிகிறது.

பிறகுதான் கூகுள் டாக்ஸுக்கு மாறினார்கள். அதன் அடிப்படை ரொம்ப எளிது. ஃபைல் யாரிடமும் போவதில்லை. எல்லாரும் ஃபைலிடம் வருகிறார்கள். ஒரே தாள், அது ஒரே இடத்தில் இருக்கிறது. யார் எந்த ஊரிலிருந்து தட்டினாலும் அது அந்தத் தாளில்தான் விழும். ஒரே நேரத்தில் நூறு பேர் வரைக்கும் திருத்தலாம். இரண்டு பேர் ஒரே வரியில் கை வைத்தால்கூட, யார் தட்டியது முதலில் வந்தது, யாருடையது அடுத்தது என்று வரிசைப்படுத்தி, இரண்டையும் தாங்குகிற மாதிரி கணக்குப் போட்டுச் சேர்த்துவிடுகிறது. இணைப்பு இல்லாத நேரத்திலும் போனில் எழுதி வைக்க வசதி உண்டு. சிக்னல் வந்ததும் தானே சேர்ந்துகொள்ளும்.

இந்த யோசனை நேற்று வந்ததல்ல. 1995-ல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர், பார்க்க வருகிற யாரும் திருத்தக்கூடிய ஒரு இணையப் பக்கத்தை உருவாக்கி அதற்கு "விக்கி" என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஹவாய் மொழியில் அதற்கு "சீக்கிரம்" என்று பொருள். 2001-ல் விக்கிப்பீடியா வந்தது, 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. இன்றைக்குத் தமிழில் ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல் இருக்கிறது. அவற்றில் பல, ஒருவரையொருவர் நேரில் பார்க்காதவர்கள் சேர்ந்து எழுதியவை.

சரி, கருவி வந்துவிட்டது. வேலை ஒழுங்காக நடந்ததா? உடனே நடக்கவில்லை.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு இரவு பதினோரு மணிக்கு வீட்டில் ஒரே பதற்றம். செய்முறைப் பகுதி முழுசாகக் காணோம். குழுவில் யாரோ போனில் திருத்தும்போது தெரியாமல் எல்லாவற்றையும் தேர்வு செய்து அழித்துவிட்டார்கள். ஆறு பக்கம் வெறும் வெள்ளைத் தாள். அப்போதுதான் விடுதிப் பெண் "வெர்ஷன் ஹிஸ்டரி"யைத் திறக்கச் சொன்னார். திறந்தால், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் பெயரில் என்ன மாற்றம் என்று வரிசையாக இருக்கிறது. சாயங்காலம் இருந்த நிலையைத் தேர்வு செய்து "மீட்டெடு" என்று அழுத்தினார்கள். ஆறு பக்கமும் திரும்பி வந்தது.

எங்கள் வங்கி லெட்ஜரும் இதே மாதிரிதான். கையால் எழுதிய காலத்தில் லெட்ஜரில் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் அந்த வரியைப் படிக்க முடிகிற மாதிரி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும். தப்பு நடந்தது தெரிய வேண்டும், யார் திருத்தினார்கள் என்பதும் தெரிய வேண்டும். ஒரு கிளார்க் பதிவு செய்வார், அதிகாரி சரிபார்த்துப் பாஸ் பண்ணுவார். இன்றைக்கும் கம்ப்யூட்டரில் மேக்கர், செக்கர் என்று அதே முறைதான். என் மருமகள் குழுவும் அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டது: அடுத்தவர் எழுதிய பகுதியை நேரடியாக மாற்றக் கூடாது, "பரிந்துரை" முறையில் மாற்றத்தைக் காட்ட வேண்டும், அல்லது ஓரத்தில் கருத்து எழுத வேண்டும், எழுதியவர்தான் ஏற்கவோ தள்ளவோ வேண்டும்.

இந்த விதியால் ஒரு நல்லது நடந்தது. பாடக்குறிப்பில், மஞ்சள் தடவிய காகிதத்தை வைத்து எலுமிச்சைச் சாறு, சோப்புத் தண்ணீர் இரண்டையும் பிள்ளைகள் சோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். விழுப்புரம் பெண் ஓரத்தில் ஒரு கருத்து போட்டார்: "மஞ்சள் சோப்புத் தண்ணீரில் சிவக்கும். எலுமிச்சையில் மஞ்சளாகவே இருக்கும். வெறும் தண்ணீரிலும் மஞ்சளாகவே இருக்கும். அப்படியானால் எலுமிச்சை அமிலம் என்று பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?" சரியான கேள்வி. பதிலுக்கு டியூஷன் எடுப்பவர் செம்பருத்திப் பூச்சாற்றைச் சேர்த்தார். அது அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். நேரில் கூடியிருந்தால் அந்தப் பெண் வாயே திறந்திருக்க மாட்டார், அவ்வளவு கூச்ச சுபாவம் என்று என் மருமகள் சொன்னார். எழுத்தில் யோசித்துக் கேட்க நேரம் கிடைத்தது. மேலே யாரும் குரலை உயர்த்திப் பேச முடியாத இடம் அது.

இனி நான் சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

வேலை முடியும் கட்டத்தில் குழுவில் ஒரு முணுமுணுப்பு. வெர்ஷன் ஹிஸ்டரியைப் பார்த்தால் நாலு பேர் பெயர்தான் வருகிறது. அரக்கோணம் பக்கத்துப் பெண்ணின் பெயரில் ஒரு வரிகூட இல்லை. "நாம கஷ்டப்பட்டு எழுதினோம், அவ சும்மா மார்க் வாங்கறதா? அட்டையில அவ பேரை எடுத்துடலாம்" என்று ஒருவர். எடுத்தால் அந்தப் பெண்ணுக்கு இன்டர்னல் மதிப்பெண் போய்விடும். என் மருமகளும் அரை மனதாகச் சம்மதிக்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

அப்போது டியூஷன் எடுப்பவர் சொன்னாராம்: "இருங்க. மதிப்பீட்டுக் கேள்வி இருபத்தஞ்சும் அவ எழுதினது. அவ போன் ஸ்கிரீன் பாதி உடைஞ்சிருக்கு, தமிழ்ல டைப் பண்ண வரல. நோட்டுல எழுதிப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினா. நான்தான் டைப் பண்ணேன்." அதனால் ஹிஸ்டரியில் டியூஷன் எடுப்பவர் பெயர் வந்திருக்கிறது. ஒரு வீட்டில் புது போன் வாங்க முடியவில்லை என்பதற்காக ஒரு பெண்ணின் உழைப்பு கணக்கிலிருந்து விழப் பார்த்தது.

இதையும் நான் வங்கியில் பார்த்திருக்கிறேன். லெட்ஜரில் சுருக்கொப்பம் பதிவு செய்தவருடையது. அந்தப் பணத்தைச் சம்பாதித்தவர் கவுண்டருக்கு வெளியே நிற்பார். பதிவேடு பொய் சொல்லாது. ஆனால் அது தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். "யார் தட்டச்சு செய்தது?" என்று கேட்டால் ஹிஸ்டரி சரியாகச் சொல்லும். "யார் யோசித்தது?" என்றால் அதற்குத் தெரியாது. அதை மனுஷர்கள்தான் விசாரிக்க வேண்டும்.

அந்தக் குழு கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை சேர்த்தது. யார் எதை யோசித்தார், யார் எழுதினார், யார் தட்டச்சு செய்தார், யார் சரிபார்த்தார் என்று நாலு கட்டம். ஐந்து பெயரும் வந்தது. நாளைக்கு இந்த ஐந்து பேரும் ஆளுக்கு நாற்பது பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடப் போகிறவர்கள். அந்த இரவில் அவர்கள் கற்றுக்கொண்டது வேதியியலைவிடப் பெரிய பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு பள்ளிப் பயிற்சி வந்தது. ஓர் அரசுப் பள்ளி. வகுப்பில் 38 பிள்ளைகள், கையில் ஒரு கருவியும் இல்லை. லேபில் வாரத்துக்கு ஒரு வகுப்பு நேரம்தான் கிடைக்கும். "அப்போ நீ படிச்சது வீண்தானே?" என்று கேட்டேன். "இல்ல மாமா, பாருங்க" என்றார்.

ஜிக்சா என்று ஒரு வகுப்பறை முறை உண்டு. 1971-ல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில் எலியட் அரோன்சன் என்ற உளவியல் அறிஞர் உருவாக்கியது. அப்போதுதான் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்திருந்தார்கள். வகுப்பில் சண்டை, ஒதுக்கல். அவர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். மற்றவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் முழுப் பாடமும் கிடைக்கும். யாரையும் ஒதுக்க முடியாது. என் மருமகள் சார்ட் பேப்பரை நாலாக மடித்து அதையே செய்தார். ஆளுக்கு ஒரு கட்டம்; அடுத்தவர் கட்டத்தில் எழுதக் கூடாது; கருத்து சொல்ல வேண்டுமானால் ஓரத்தில் பென்சிலால் எழுதலாம். கூகுள் டாக்ஸில் தான் பழகிய விதியைச் சார்ட் பேப்பருக்கு இறக்கிவிட்டார். லேப் நேரத்தில் ஒவ்வொரு குழுவும் தன் சார்ட்டைப் பொதுத் தாளில் ஏற்றியது.

கருவி மாறும் என்பதற்கும் அவருக்கு அனுபவம் வந்தது. சீனியர்கள் "ஜாம்போர்டு" என்ற டிஜிட்டல் கரும்பலகையைப் பற்றி நோட்ஸ் கொடுத்திருந்தார்கள். 2024 இறுதியில் கூகுள் அதை மூடிவிட்டது. நான் ஆச்சரியப்படவில்லை. 1984-லும் 1989-லும் ரங்கராஜன் குழு அறிக்கைகள் வந்து வங்கிகள் கம்ப்யூட்டருக்கு மாறின. லெட்ஜர் போய் போஸ்டிங் மெஷின் வந்தது. அது போய் கோர் பேங்கிங் வந்தது. ஒவ்வொரு தடவையும் பொத்தான்கள் மாறின. பதிவு செய், சரிபார், தடயம் வை என்ற மூன்றும் மாறவே இல்லை. அதைக் கற்றவர்களுக்குப் புது மெஷின் பயம் கொடுக்கவில்லை.

இன்னும் ஒரு விஷயம், இது பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது. பயிற்சிக் காலத்தில் சக மாணவர் ஒருவர் அந்த 38 பிள்ளைகளின் பெயர், அப்பா போன் நம்பர், மதிப்பெண் எல்லாம் ஒரே ஷீட்டில் போட்டு, "லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார். லிங்க் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. என் மருமகள் அன்றைக்கே பேசி, குறிப்பிட்ட மூன்று பேர் மட்டும் பார்க்கும்படி மாற்ற வைத்தார். போன் நம்பர் நீக்கம், பெயருக்குப் பதில் வரிசை எண். 2023-ல் நிறைவேறிய தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒன்பது மார்க் வாங்கிய பிள்ளையின் பெயர் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டுமா என்று கேட்டாலே போதும்.

எந்தப் பகிர்வுத் தாளுக்கும் மூன்று சாவி உண்டு என்று ஞாபகம் வையுங்கள். பார்க்க மட்டும், கருத்து சொல்ல, திருத்த. லாக்கர் அறைக்குள் வருகிற எல்லாரிடமும் மாஸ்டர் சாவியைக் கொடுக்க மாட்டோம் அல்லவா? அந்த நிதானம் இங்கேயும் வேண்டும்.

முடிக்கும் முன், இந்தக் கூட்டத்தின் முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று. நம் சங்கத்தின் வரவு செலவும் கூட்டக் குறிப்பும் ஒரே பகிர்வுத் தாளில் இருக்கட்டும். திருத்தும் உரிமை செயலாளருக்கும் பொருளாளருக்கும் மட்டும். கருத்து சொல்லும் உரிமை பிளாக் பிரதிநிதிகளுக்கு. பார்க்கும் உரிமை எல்லா ஃபிளாட்டுக்கும். மெயின்டனன்ஸ் பாக்கிப் பட்டியலில் பெயர் வேண்டாம், போன் நம்பர் கூடவே கூடாது. தண்ணீர் லாரிக்கு எத்தனை ரூபாய் என்று இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் சண்டை போடுவது பாதியாகக் குறையும்.

இரண்டு. நம் சங்க அறை சனி, ஞாயிறு பகலில் பூட்டியே கிடக்கிறது. அதில் வைஃபை இருக்கிறது, மேசை இருக்கிறது, பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் இருக்கிறது. காலை பத்து முதல் ஒரு மணி வரை படிக்கிற பிள்ளைகளுக்கு அதைத் திறந்துவிடுவோம். நம் ஃபிளாட் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. நம் வீடுகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், வாட்ச்மேன் பிள்ளைகள் எல்லாருக்கும். போன ஆண்டு இதைப் பேசியபோது "வெளி ஆட்கள் வருவார்கள், பாதுகாப்பு என்ன?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விருந்தினருக்கென்று தனி பாஸ்வேர்டு வைக்கலாம், வருகைப் பதிவேடு வைக்கலாம், பெரியவர் ஒருவர் கூட உட்காரலாம். முதல் மூன்று மாதம் நான் உட்காருகிறேன். ஓய்வு பெற்றவனுக்குச் சனிக்கிழமையும் ஒன்றுதான், புதன்கிழமையும் ஒன்றுதான்.

அரக்கோணம் பக்கத்தில் ஒரு பெண் உடைந்த போனோடு இருபத்தைந்து கேள்வி எழுதினார். அப்படிப்பட்டவர்கள் நம் கேட்டுக்கு வெளியேயும் இருக்கிறார்கள், உள்ளேயும் இருக்கிறார்கள். ஒரு மேசையும் ஒரு கீபோர்டும் கிடைத்தால் அவர்கள் எழுதியது அவர்கள் பெயரிலேயே பதிவாகும்.

இரண்டு வேண்டுகோளையும் இன்றைய நிகழ்ச்சி நிரலில் தீர்மானமாக எடுத்துக்கொள்ளத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். எதிர்க் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். குறிப்பில் அதையும் பதிவு செய்வோம்.